மேசைக்கு அடியில் ஒரு பிறந்தநாள்

மகள் தன் இரண்டாவது பிறந்தநாளின் பெரும்பகுதியை ஒரு மேசைக்கு அடியில் கழித்தாள். விரிப்பு தரைவரை தொங்கிக்கொண்டிருந்தது. விலக்கிக் குனிந்து பார்த்தேன். உள்ளே சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக் கழற்றுவதும் மறுபடி பொருத்தப் பார்ப்பதுமாக இருந்தாள். புதுச் சட்டையின் கழுத்து உறுத்தியிருக்க வேண்டும். நடுநடுவே அதை ஒரு கையால் இழுத்துவிட்டுக்கொண்டாள். வெளியே அறுபது பேர். ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். நானும் உள்ளே வந்து உட்காரப் போகிறேனா, அவளை வெளியே இழுக்கப் போகிறேனா என்று எடைபோடுகிற பார்வை.

வெளியேதான் இழுத்தேன். அன்று எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் அவள் அழாமல் இருப்பவை மூன்று. அதிலும் இரண்டில் கண்ணை மூடியிருக்கிறாள்.

அந்த மண்டபத்தைத் தேடிப் பிடித்தவன் நான்தான். எத்தனை பேர் உட்காரலாம், வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா, குளிர்சாதனம் ஓடுமா, மேடையின் பின்திரை எந்த நிறம் என்று எல்லாவற்றையும் விசாரித்தேன். நல்ல கேள்விகள்தான். ஆனால் அத்தனையும் ஐந்தே முக்கால் அடி உயரத்திலிருந்து கேட்ட கேள்விகள். பிறந்தநாள்காரியின் உயரமோ மூன்றடிக்கும் குறைவு. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் அந்த மண்டபத்தில் தெரிவது முழங்கால்களும் நாற்காலிக் கால்களும் மட்டுமே. அறுபது பேருடைய முழங்கால்கள். நானாக இருந்தாலும் மேசைக்கு அடியில்தான் போயிருப்பேன்.

அதற்குப் பிறகு இடம் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. நண்பர்கள் தங்கள் குழந்தைகளுக்கு இடம் பார்க்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போகிறார்கள். போன இடத்தில் நான் மண்டியிடுவதும் கைதட்டிப் பார்ப்பதும் அவர்களுக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இடத்தைப் பார்ப்பதற்கு முன்பு முடிவு செய்ய வேண்டியது தலைக்கணக்கு. நாங்கள் அதைத் தலைகீழாகச் செய்தோம். பெரிய மண்டபம் கிடைத்தது. கிடைத்த பிறகு, இவ்வளவு இடம் இருக்கிறதே, அவர்களை விட்டால் எப்படி, இவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. குழந்தையின் வயது எத்தனையோ அத்தனை குழந்தை விருந்தாளிகள், வேண்டுமானால் கூட ஒன்று என்று ஒரு கணக்கு பெற்றோர்களிடையே புழங்குகிறது. முதலில் கேட்டபோது சிரித்தேன். இரண்டு வயதுக்கு இரண்டு விருந்தாளியா? இது பிறந்தநாளா, பஞ்சாயத்தா?

ஆனால் அந்தக் கணக்கில் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் மழலையர் பள்ளிக் குழந்தைகள் விளையாடுவதைப் பொறுமையாக உட்கார்ந்து கவனித்து, 1932இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தனியாக விளையாடுவது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாட்டை விளையாடுவது, கலந்து விளையாடுவது, கூட்டுச் சேர்ந்து ஒரே விளையாட்டை விளையாடுவது என்று அவர் வகைபிரித்தது இன்றும் பாடமாக இருக்கிறது. இரண்டு, இரண்டரை வயதில் பெரும்பாலும் இரண்டாவது வகைதான். ஒரே மணல்தொட்டியில் இரண்டு குழந்தைகள் இருக்கும், ஒன்று மணலை அள்ளும், மற்றது கொட்டும், இரண்டும் பேசிக்கொள்ளாது. ஒன்று எழுந்து போனால் மற்றதும் போகும். அவ்வளவுதான் அவர்களுடைய நட்பு. அதற்கு இரண்டு பேர் போதும். இருபது குழந்தைகளை வட்டமாக நிற்கவைத்து ஒருவர் ஒலிவாங்கியில் விளையாட்டு நடத்துகிற இடம் ஐந்து, ஆறு வயதுக்குச் சரிவரும். எங்கள் மண்டபத்தில் அதை இரண்டு வயதுக்காரர்களை வைத்து முயன்றார்கள். வட்டம் நாற்பது விநாடி நின்றிருக்கும்.

அடுத்தது நேரம். இடத்தையும் நேரத்தையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது என்று எனக்குப் புரியவே ஒரு வருடம் ஆனது. மண்டபக்காரர் கொடுத்தது மதியம் இரண்டு மணி. காலையும் மாலையும் வேறு யாருக்கோ போய்விட்டன. “சின்ன நிகழ்ச்சிதானே சார், மதியம் போதும்” என்றார். நானும் தலையாட்டினேன். ஒன்று முதல் இரண்டு வயதுவரை ஒரு நாளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. வழிகாட்டுதலெல்லாம் எதற்கு, இரண்டு மணிக்கு என் மகள் எங்கே இருப்பாள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்: தலையணையைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி. அந்த நேரத்தில் அவளை எழுப்பி, உறுத்துகிற சட்டையை மாட்டி, அறுபது பேர் முன்னால் நிறுத்தினோம். எவ்வளவு அருமையான இடமாக இருந்தாலும் குழந்தை தூங்குகிற நேரத்துக்குத்தான் கிடைக்கும் என்றால் அது கிடைக்கவில்லை என்றே பொருள்.

இனி மண்டியிடும் விஷயத்துக்கு வருகிறேன். நிர்வாகியிடம் பேசி முடித்ததும் நான் வாசலுக்கே திரும்பிப்போய், முட்டி போட்டு, அங்கிருந்து ஒரு பார்வை பார்ப்பேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அறை வேறு அறையாகிவிடும். மேசையின் கூர்முனை சரியாக நெற்றிக்கு வந்து நிற்கும். மாடிப்படியின் தடுப்புக்கம்பிகளுக்கு இடையே ஒரு தலை நுழைகிற அகலம் தெரியும். மேசைமேல் இருந்தபோது கண்ணில் படாத மின்வடம், விரிப்போடு சேர்ந்து தொங்குவது தெரியும். ஒரு முறை, அலங்காரத் தொட்டி ஒன்றின் விளிம்பு தெரிந்தது. எழுந்து எட்டிப் பார்த்தால் அரையடித் தண்ணீரில் பூ மிதந்துகொண்டிருந்தது. கைக்குழந்தைக்கும் தத்தி நடக்கிற குழந்தைக்கும் அவ்வளவு தண்ணீரே ஆபத்து. மூழ்கும் குழந்தை கத்துவதுமில்லை. “அழகுக்காக வைத்திருக்கிறோம் சார்” என்றார்கள். அழகாகத்தான் இருந்தது. அந்த இடம் வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன்.

வெளிக்கதவை எண்ண வேண்டும். ஒன்றுதான் இருந்தால் நல்லது என்று தோன்றும், ஒரு பெரியவர் அங்கே நின்றால் போதும் என்று. ஆனால் தீ என்று வந்துவிட்டால் இன்னொரு வழி வேண்டும். ஆகவே இரண்டு வேண்டும். இரண்டாவது, குழந்தை கைக்கு எட்டாத, பெரியவர் ஒரே தள்ளில் திறக்கிற கதவாக இருக்க வேண்டும். அதன் குறுக்கே நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தால் அது கதவே இல்லை. அடுக்கித்தான் வைத்திருப்பார்கள்.

கழிப்பறையை எல்லோரும் சுத்தமா என்று மட்டும் எட்டிப் பார்க்கிறார்கள். தாழ்ப்பாளைப் பாருங்கள். குழந்தை உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டால் வெளியிலிருந்து திறக்க முடியுமா? இதைக் கேட்டபோது ஒரு நிர்வாகி, இதுவரை அப்படி நடந்ததில்லை என்றார். எங்கள் அன்றைய நிகழ்ச்சியில் நடந்தது. பூட்டிக்கொண்டவன் என் தங்கை மகன், மூன்று வயது. கதவின் மறுபக்கத்திலிருந்து அவன் அம்மா “இடது பக்கம் தள்ளுடா கண்ணா” என்று பத்து நிமிடம் கெஞ்சினாள். மூன்று வயதுக்கு எது இடது? கடைசியில் கதவு தானாகத் திறந்தது. அவன் சோப்புத் தண்ணீரில் விளையாடி முடித்திருந்தான்.

இப்போது கைதட்டல். வெற்று அறையின் நடுவில் நின்று பலமாக ஒரு முறை தட்டிவிட்டுக் கேளுங்கள். சத்தம் சட்டென்று அடங்கினால் நல்லது. ‘டஞ்ங்’ என்று சுவரில் மோதித் திரும்பி, இன்னும் ஒரு கணம் தொங்கிக்கொண்டிருந்தால், அந்த அறையில் பதினைந்து குழந்தைகள் கத்தும்போது என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வழுவழுத் தரை, கண்ணாடிச் சுவர், உயரமான வெற்றுக்கூரை மூன்றும் சத்தத்தை உள்வாங்காமல் திருப்பி அனுப்புகின்றன. திரைச்சீலை, தரைவிரிப்பு, மெத்தை இருக்கை இவை விழுங்குகின்றன. மனித உடம்பும் கொஞ்சம் விழுங்கும். ஆனால் அதே உடம்பு அதைவிட அதிகமாகச் சத்தம் போடும். எதிரொலிக்கிற அறையில் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்பதற்காகக் குரலை உயர்த்துகிறோம். அடுத்தவர் அதற்கும் மேலே உயர்த்துகிறார். பாட்டுப் போடுபவர் எல்லோருக்கும் மேலே ஏற்றுகிறார்.

வேலையிடங்களில் காது கெடாமல் இருக்க அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 85 டெசிபல் என்றால் ஒரு நாளில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலில் 15 நிமிடம்தான் இருக்கலாம். வளர்ந்த தொழிலாளிகளை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு இது. நண்பர் வீட்டுக் குழந்தையின் விழா ஒன்றில் செல்பேசியில் இருந்த ஒலிமானியைத் திறந்து பார்த்தேன். முள் 96க்கும் 99க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தது. செல்பேசிக் கணக்கு துல்லியமாக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒலிபெருக்கிக்கு நேர் முன்னால், அதன் வாய்க்குச் சமமான உயரத்தில் இருந்த தலைகள் எல்லாம் குழந்தைகளுடையவை. பெரியவர்கள் பின்வரிசையில் இருந்தோம். ஒலியைக் குறைக்கும் அதிகாரம் யார் கையில் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். எங்கள் மண்டபத்தில் அது பாட்டுப் போடுபவர் கையில் இருந்தது. அவரோ காதில் பஞ்சு வைத்திருந்தார்.

மூன்றாவது பிறந்தநாளுக்கு, பட்ட பாட்டுக்குப் பரிகாரமாக, உள்ளரங்க விளையாட்டு மையம் ஒன்றைப் பிடித்தோம். பந்துக்குளம், சறுக்குமரம், டிராம்போலின், எல்லாம் மெத்தை. குழந்தைகளுக்கென்றே கட்டிய இடம், இனி என்ன கவலை என்று இருந்தேன்.

கவலை, வயதுக் கலப்பில் இருந்தது. அதே டிராம்போலினில் எட்டு, ஒன்பது வயதுப் பையன்கள் நான்கு பேர் குதித்தார்கள். பெரியவன் இறங்கும்போது விரிப்பு அமுங்கி எழுகிறது. அந்த எழுச்சியில் பக்கத்தில் நிற்கிற சின்னது தானாகக் குதிக்காமலே மேலே வீசப்படுகிறது. எப்படி விழுவது என்று அதற்குத் தெரியாது. டிராம்போலின் காயங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு, ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து குதிக்கும்போதுதான் ஏற்படுகிறது, அதில் மிகச் சிறியவருக்கு அடிபடும் வாய்ப்பு 14 மடங்கு அதிகம் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2012இல் எச்சரித்திருக்கிறது. இதை நான் வீட்டுக்கு வந்த பிறகு படித்தேன். அங்கே இருந்தபோது பயத்தில் மட்டும் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஆகவே இப்படிப்பட்ட மையத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: சிறியவர்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறதா, அதை யாராவது உண்மையிலேயே காவல் காக்கிறார்களா?

தூக்கிக்கொண்டு வந்தவன் அடுத்த தவறைச் செய்யப் பார்த்தேன். அழுகையை நிறுத்த, மடியில் வைத்துக்கொண்டு சறுக்குமரத்தில் சறுக்கலாம் என்று ஏறினேன். பின்னால் நின்ற ஒரு பெண், “மடியில் வைக்காதீர்கள், கால் மாட்டிக்கொள்ளும்” என்றார். எலும்பு மருத்துவமனையில் வேலை பார்ப்பவராம். குழந்தை தனியாகச் சறுக்கும்போது கால் பக்கச் சுவரில் உராய்ந்தால் நின்றுவிடும், அல்லது திரும்பிக்கொள்ளும். பெரியவர் மடியில் இருக்கும்போது பாதம் மட்டும் மாட்டிக்கொண்டு, பெரியவரின் எடை முழுவதும் கீழே தள்ள, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிடுகிறது. பாசத்தில் முறியும் எலும்பு. அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அங்கே இன்னொரு சங்கடம், கடிகாரம். இரண்டு மணி நேரம் நமக்கு. முதல் அரைமணி, குழந்தை அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு நிற்பதிலேயே போகிறது. அது கைவிட்டு, பந்துக்குளத்துக்குள் இறங்கி, முகம் மலர்கிற நேரத்தில் ஊழியர் வந்து அடுத்த கூட்டம் காத்திருப்பதாகச் சொல்கிறார். அவரைக் குறைசொல்ல முடியாது.

பலூன்களைப் பற்றி ஒரு வார்த்தை. அலங்காரம் எங்கள் பொறுப்பு என்று சொல்லும் எந்த இடமும் முதலில் கொண்டுவந்து நிரப்புவது அதைத்தான். எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ஊதாத பலூனாலும் உடைந்த துண்டாலும் மூச்சு அடைக்கலாம் என்ற எச்சரிக்கை, அமெரிக்காவில் விற்கிற ரப்பர் பலூன் பொட்டலங்களில் கட்டாயம். மெல்லிய ரப்பர் தொண்டையில் படிந்து ஒட்டிக்கொள்வதுதான் காரணம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு உருளை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் ஆகாது. இதைப் படித்த அன்று எனக்கு அந்தப் பாட்டில் மூடி நினைவுக்கு வந்தது. அதன் அகலம் அதற்கும் குறைவு. மேசைக்கு அடியில் அவள் தனியாக உட்கார்ந்திருந்ததை நினைத்துக் கொஞ்ச நேரம் எழாமல் இருந்தேன்.

வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வைத்துக்கொள்ளலாம்; குழந்தைக்கு அதைவிடப் பழகிய இடம் இல்லை. ஆனால் அவளுடைய பொம்மைகளை மற்றவர்கள் தொடுவார்கள் என்பதற்கு அவளை யாரும் தயார் செய்திருக்க மாட்டார்கள். உயிரான இரண்டைப் பீரோவில் பூட்டிவிட்டால் பாதிச் சண்டை குறையும். மீதிச் சண்டைக்குச் சாவி இல்லை.

நான்காவது பிறந்தநாளைப் பூங்காவில் வைத்தோம். இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. பார்த்த மூன்று இடமும் கிடைக்கவில்லை. பெரிய மரம் ஒன்று, அதன் கீழே நல்ல நிழல், பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், கூப்பிடு தூரத்தில் கழிப்பறை, சாலைப்பக்கம் வேலி. மழை வந்தால் ஒதுங்க ஒரு கூரையும் இருந்தது. முதல் நாள் அதே நேரத்துக்குப் போய் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டேன். காலையில் மரத்துக்கு மேற்கே இருக்கிற நிழலை நம்பி விரிப்புப் போட்டால் மாலையில் வெயிலில் உட்கார வேண்டியிருக்கும். வெயில் பட்ட சறுக்குமரத்தில் புறங்கையை வைத்தும் பார்த்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன். காற்றடைத்த குதிக்கும் கூடாரம் கொண்டுவந்து தருவதாக ஒருவர் சொன்னார். பிரிட்டனில் காற்று மணிக்கு 38 கிலோமீட்டரைத் தாண்டினால் அதை இயக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. காற்றை எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டேன். விரலை எச்சில் பண்ணித் தூக்கிக் காட்டினார். நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன்.

மந்திர வித்தைக்காரர் ஒருவரை மட்டும் ஏற்பாடு செய்திருந்தோம். வந்து பார்த்தால் பார்வையாளர்களைக் காணோம். வந்திருந்த ஐந்து குழந்தைகளும் குழாயடியில் இருந்தார்கள். கசிந்த தண்ணீர் அங்கே ஒரு சிறு குட்டையாகத் தேங்கியிருந்தது. மரத்தின் வேரில் ஒரு பொந்து. குட்டையிலிருந்து பொந்துக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். யார் முடிவு செய்தார்கள் என்று தெரியவில்லை. ஒருவன் காகிதக் குவளையில், ஒருத்தி செருப்பில், என் மகள் இரண்டு கைகளையும் சேர்த்து. வந்து சேர்வதற்குள் எல்லாம் ஒழுகிவிடும். ஈரக்கையைப் பொந்துக்குள் உதறிவிட்டு மறுபடி ஓடுவாள்.

டென்மார்க்கில் ஸோரன்ஸன் என்ற நிலவடிவமைப்பாளர், தான் பார்த்துப் பார்த்து வரைந்து கட்டிய திடல்களை விட்டுவிட்டுக் குழந்தைகள் கட்டுமானக் குப்பைகளுக்கு நடுவே ஆடுவதைக் கவனித்தார். சரி, குப்பையையே கொடுத்துவிடுவோம் என்று அவர் சொன்ன யோசனைப்படி, கோபன்ஹேகனை ஒட்டிய எம்ட்ரப்பில் 1943இல் பலகையும் செங்கல்லும் சக்கரமும் கிடக்கிற திடல் ஒன்று திறக்கப்பட்டது. தான் செய்தவற்றுள் அவலட்சணமானதும் அதுதான், தனக்கு மிக அழகானதும் அதுதான் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். குழாயடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் ஞாபகம் வந்தது. வித்தைக்காரரும் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பெட்டியிலிருந்து ஒரு புனலை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தார். அன்று அவர் செய்த ஒரே வித்தை அதுதான். பேசிய பணத்தை முழுதாகக் கொடுத்தேன்.

கேக் வெட்டக் கூப்பிட்டபோது பாதங்களெல்லாம் சேறு. மகள் வர மறுத்தாள். கேக்கைத் தூக்கிக்கொண்டு நாங்கள்தான் குழாயடிக்குப் போனோம். படங்கள் ஒன்றும் சரியாக வரவில்லை. எல்லாவற்றிலும் முதுகுதான் தெரிகிறது.

அடுத்த மாதம் அவளுக்கு ஐந்து வயது. எங்கே வைத்துக்கொள்ளலாம் என்று இந்த முறை அவளிடமே கேட்டேன். மேசைக் கதையை வருகிறவர்களிடமெல்லாம் நான் சொல்லிச் சொல்லி அவளுக்கு அது மனப்பாடம். ஒரு நொடிகூட யோசிக்காமல், “அந்த மேசை இருக்கிற இடம்” என்றாள்.

மண்டபத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். ஐந்து குழந்தைகள், காலை நேரம், ஒலிபெருக்கி வேண்டாம் என்றேன், ஒப்புக்கொண்டார். அந்த நீள மேசை இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். விரிப்பு தரைவரை தொங்குமா என்று கேட்டதற்குத்தான் மறுமுனையில் சற்று நேரம் பதிலைக் காணோம்.